என் வால்வ் பெட்டியும் பாலகுரு சாரின் தராசும்

"கையை எடுங்க சார்" என்றேன்.

சிதம்பரம் தெற்கு வீதியில் ஒரு மாடிக் கூடம். ஞாயிற்றுக்கிழமை காலை. கீழே மருந்துக்கடை, மேலே நாங்கள் பதினைந்து பேர். நடுவில் ஒரு மேசை. அதன் மேல், நான் பதினொரு மாதம் உட்கார்ந்து கட்டிய வால்வ் ஆம்ப்ளிஃபயர் அடித்தகடு கழற்றப்பட்டு, வயிற்றைக் காட்டிக்கொண்டு ஒருக்களித்துக் கிடந்தது.

பாலகுரு சார் ஓய்வுபெற்ற என்ஜினியர். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. அவர் கையிலிருந்த கட்டிங் பிளேயரின் மூக்கு என் ஒயரைத் தொட இன்னும் ஒரு விரல் அகலம்தான் பாக்கி.

"ஒரே நிமிஷம் மேடம். இந்த டிரைவர் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துட்டு, ரெடிமேட் போர்டு ஒண்ணு போட்டுட்டா போதும். கையோட கொண்டுவந்திருக்கேன்."

"வெட்டுறதுன்னா நான் வெட்டிக்கிறேன். கட்டினவ நானு. மொதல்ல கைய எடுங்க."

கீழேயிருந்து டானிக் வாசனை ஏறி வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற என் தோழி ஜெசிந்தா டீச்சர் என் முந்தானையை மெல்ல இழுத்தார். அதற்கு 'அஞ்சலை, பொறுமை' என்று அர்த்தம். அந்தப் பொறுமையை நான் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன்.

பாலகுரு சார் கையை எடுத்தார். ஆனால் பிளேயரைக் கீழே வைக்கவில்லை.

அன்றைக்கு என் முன்னால் இருந்தது ஒரே ஒரு கேள்விதான். பெட்டி நான் கட்டியபடியே அந்தக் கூடத்தில் இருக்குமா, இல்லை இன்னொருவர் வெட்டி ஒட்டிய பெட்டியாக இருக்குமா? இரண்டாவதுதான் என்றால் அதைத் தூக்கிக்கொண்டு கடலூர் பஸ் ஏறிவிடுவது என்று தீர்மானித்துத்தான் போயிருந்தேன்.

ஐஸ் பெட்டித் தகடு

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுக்கிறீர்கள் என்றால், என்னைப் பற்றி நாலு வரி. கடலூர் துறைமுகத்தை அடுத்த மீனவர் குப்பத்தில் பிறந்தவள். பாலிடெக்னிக் படித்து, வேறொரு பாலிடெக்னிக்கின் எலெக்ட்ரானிக்ஸ் லேபில் டெக்னீஷியனாக முப்பது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். ஓய்வுக்குப் பிறகு பெண்கள் கோயில் குளம் போவார்கள் என்று பேச்சு. நான் சால்டரிங் அயர்னை வாங்கிச் சமையலறை மேசையில் வைத்தேன்.

ஜெசிந்தா டீச்சர் என்னோடு பள்ளியில் படித்தவர். கல்யாணமாகிச் சிதம்பரம் போய்விட்டார். அங்கே சிலர் சேர்ந்து ஞாயிறுதோறும் பழைய இசைத்தட்டுகள் கேட்கிறார்கள். அவர்களுடைய ஆம்ப்ளிஃபயர் ஒரு நாள் புகைந்து போனதும், "வால்வ் போட்டு ஒண்ணு செஞ்சு தர்றியா? நீ செய்வேன்னு சொல்லிட்டேன்" என்று ஃபோன் செய்தார். கேட்பதற்கு முன்பே வாக்குக் கொடுத்துவிடுவது அவருக்குச் சின்ன வயதிலிருந்து உள்ள பழக்கம்.

பழைய ரேடியோவுக்குள் ஒளிருமே கண்ணாடிக் குழல், அந்த வால்வுகள் வெளிநாட்டிலிருந்து தபாலில் வந்தன. டிரான்ஸ்ஃபார்மரை முதுநகரில் பம்பு மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் கட்டச் சொன்னேன். எத்தனை சுற்று, எத்தனை அடுக்கு, நடுவில் எங்கே காகிதம் என்று நோட்டில் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து, "அக்கா, இது எந்தக் கெணத்துல எறக்குற மோட்டாரு?" என்று கேட்டார் கடைக்காரர். பாட்டுப் பெட்டிக்கு என்றதும் அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார்.

அடிச்சட்டத்துக்குத் தகடு என் வீட்டுக்காரர் தந்தது. அவர் ஐஸ் பிளான்ட் ஃபிட்டர். படகுகளின் ஐஸ் பெட்டிக்கு அடிக்கும் அலுமினியத் தகட்டில் மிஞ்சியதைக் கொண்டுவந்து, ஓட்டை போட்டும் கொடுத்தார். உப்புக் காற்று எங்கள் ஊரில் எதையும் விட்டு வைக்காது. அதனால் ஒவ்வொரு சால்டர் முனை மேலும் நகப்பூச்சு தடவினேன். நகத்தில் ஒரு நாளும் பூசிக்கொள்ளாதவள் ஒரே மாதத்தில் மூன்று சீசா காலி செய்ததைப் பார்த்து, பெட்டிக்கடைப் பெண் என்னிடம் ஏதோ விசேஷமா என்று விசாரித்தாள்.

வலை கோணாமல் இழுப்பது

இந்த டிரைவர் என்ன என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மேலே படிக்கிறவர்களுக்குச் சண்டை எதற்கென்று விளங்காது.

"டிரைவர்னா பஸ் டிரைவரா, லாரி டிரைவரா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"கரவல இழுக்குறவங்க மாமா" என்றேன். அவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன்.

கரைவலையை இரண்டு கயிற்றில் இரண்டு கூட்டம் பிடித்து இழுக்கும். இரண்டும் ஒரே அளவில் இழுத்தால் வலை நேராகக் கரை ஏறும். ஒரு பக்கம் பலசாலிகள் அதிகமாகிவிட்டால் வலை கோணும், மீன் நழுவும். ஆம்ப்ளிஃபயரின் கடைசியில் இருக்கும் இரண்டு பெரிய வால்வுகளும் அப்படித்தான் மாற்றி மாற்றி வேலை செய்கின்றன. அவற்றுக்கு முன்னால் இருக்கும் சின்ன வால்வுக்குத்தான் டிரைவர் என்று பெயர். வந்த பாட்டை அது இரண்டு பிரதியாக்கி, ஒன்றை நேராகவும் ஒன்றைத் தலைகீழாகவும் அந்த இரண்டு பெரிய வால்வுக்கும் கொடுக்கும். இரண்டு பிரதியும் ஒரே அளவாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பாட்டு கோணும்.

சமப்படுத்துவதற்கு ஒரு சின்னத் திருகு உண்டு. கடலூரில் என் மல்டிமீட்டரால் ஒரு பக்கம் அளந்து, மறுபக்கம் அளந்து, திருகைத் திருப்பி, மறுபடி அளந்து, மூன்று நாள் அதே வேலையாக இருந்தேன். சரியாக வந்ததும் திருகின் தலையில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்தேன்.

"முடிஞ்சுதா?" என்றார் மாமா.

"முடிஞ்சுது."

"அப்ப அடுப்ப பத்த வையி. மூணு நாளா ஓட்டல் சோறு."

பஸ்ஸும் குழுவும்

பெட்டியின் எடை ஒரு சின்ன அரிசி மூட்டைக்குக் கொஞ்சம் குறைச்சல். பஸ்ஸில் ஏற்றியதும் கண்டக்டர் பார்த்துவிட்டு, "கிரைண்டரா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வால்வ், டிரைவர் என்று அவரிடம் ஆரம்பித்தால் ஆலப்பாக்கம் தாண்டியும் முடியாது.

அந்த முதல் ஞாயிறு நன்றாகவே போனது. இரண்டு மணி நேரம் பாடியது. நாகஸ்வரத் தட்டு ஒன்று போட்டார்கள். வாசிப்பவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. மருந்துக்கடை முதலாளி தண்டபாணிதான் அந்தக் கூடத்துக்குச் சொந்தக்காரர், அந்த இசைத்தட்டு வட்டத்துக்குச் செயலாளரும் அவரே. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பாலகுரு சார் மட்டும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். என்னிடம் எதுவும் சொல்லவில்லை. பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு நான் ஊர் திரும்பினேன்.

மறுநாள் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தபோது ஃபோன் டிங் டிங்கென்றது. வட்டத்தின் ஃபோன் குழுவில் அவர் எழுதியிருந்தார். 'கருவியில் டிரைவர் நிலை சமமாக இல்லை. அனுபவக் குறைவால் நேர்ந்த பிழை. வரும் ஞாயிறு நானே அந்தப் பகுதியை மாற்றித் தருகிறேன்.' கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். முந்தின நாள் கண்ணைத் துடைத்தவரின் கட்டைவிரலும் அதில் இருந்தது.

அனுபவக் குறைவு. அதை நான் இரண்டு முறை படித்தேன். அந்தக் குழுவில் நானும் ஒரு ஆள். ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மீன் செதில் ஒட்டிய கையாலேயே 'நானும் வருவேன்' என்று தட்டினேன். அதற்கு ஒரு கட்டைவிரலும் வரவில்லை.

கூ என்ற சத்தம்

இனி மேசைக்கு வருகிறேன்.

"சமமா இல்லன்னு எத வச்சு சொல்றீங்க சார்?" என்று கேட்டேன்.

அவர் அதற்குத்தான் காத்திருந்ததுபோலப் பையைத் திறந்து ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்தார். சோப்பு டப்பா அளவு. வேலையில் இருந்த நாளில் அவரே செய்ததாம். ஒரு சிவப்பு க்ளிப், ஒரு கறுப்பு க்ளிப், நடுவில் சின்ன ஸ்பீக்கர்.

அந்த மாதிரிப் பெட்டி எனக்குத் தெரியும், நல்ல முறைதான். உள்ளே ஒரே அளவுள்ள இரண்டு ரெசிஸ்டர் இருக்கும். டிரைவரின் நேர்ப் பிரதி ஒன்றின் வழியாகவும், தலைகீழ்ப் பிரதி மற்றதன் வழியாகவும் நடுவுக்கு வந்து சேரும். இரண்டும் சமம் என்றால் நடுவில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், ஸ்பீக்கர் பேசாது. பேசினால் ஒரு பக்கம் கூடுதல்.

க்ளிப்புகளை மாட்டி, சுவிட்சைப் போட்டார். ஃபோனிலிருந்து ஒரே சுருதியில் ஒரு ஒலியை என் பெட்டிக்குள் அனுப்பினார். சோப்பு டப்பா 'கூ' என்றது.

"கேட்டீங்களா?" அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, கூடத்தைப் பார்த்துச் சொன்னார். "சமமா இருந்தா இது வாயே திறக்கக் கூடாது."

எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு முகம் சுட்டது.

"சரி சார். சமப்படுத்த திருகு வச்சிருக்கேன், இதோ. நான் திருப்புறேன். சத்தம் நின்னுதுன்னா டிரைவர் நல்லா இருக்குன்னு ஒத்துக்குவீங்களா? வெட்ட மாட்டீங்களே?"

"நிக்கட்டும், பாப்போம்."

உள்ளே முன்னூறு வோல்ட்டுக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் பிடி போட்ட மெல்லிய திருப்புளியை வலது கையில் எடுத்தேன். லேபில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது அது. இரண்டு கையும் உள்ளே போனால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போகும்.

திருப்பினேன். கூ குறைந்தது. இன்னும் திருப்பினேன். என் சிவப்புப் புள்ளி கால் சுற்றுக்கு நகர்ந்துபோன பிறகு சத்தம் சுத்தமாக நின்றது.

"அவ்ளோ ஜாஸ்தி தள்ளி இருந்திருக்கு" என்றார் பாலகுரு சார். "இப்பதான் சமம். ஆனா இவ்வளவு தூரம் போகுதுன்னா அந்த வால்வையும் நம்ப முடியாது, சர்க்யூட்டையும் நம்ப முடியாது. போர்டு போட்டுடறதுதான் நல்லது."

"சாருக்குத் தெரியாததா" என்றார் தண்டபாணி.

மூன்று நாள் அளந்து வைத்த புள்ளி கால் சுற்று தப்பு என்றால், நான் முப்பது வருடம் லேபில் என்ன கிழித்தேன்? பிளேயர் மறுபடி என் பெட்டியை நோக்கி வந்தது. நான் அந்தச் சோப்பு டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இறால் எடை

எங்கள் குப்பத்தில் பெண்கள் ஏமாறாத ஒரு விஷயம் உண்டென்றால் அது தராசு. ஏலத்தில் கூறாக விற்பது வேறு கதை. இறாலை எடை போட்டுத்தான் வாங்குவார்கள். வெளியூர் வியாபாரி தன் தராசையே கொண்டுவருவான். ஒரு தட்டில் படிக்கல், மறுதட்டில் இறால். முள் நடுவில் நிற்கும். பார்க்க எல்லாம் சரியாக இருக்கும்.

அப்போது என் அம்மா சொல்வாள். "தட்ட மாத்திப் போடு."

கல் இருந்த தட்டில் இறாலும், இறால் இருந்த தட்டில் கல்லும் போக வேண்டும். நல்ல தராசு என்றால் முள் மறுபடியும் நடுவிலேயே நிற்கும். கள்ளத் தராசு என்றால் படக்கென்று சாயும். முள் முதலில் எவ்வளவு ஒழுங்காக நின்றது என்பது எங்கள் பெண்களுக்குக் கணக்கே இல்லை. மாற்றிப் போட்ட பிறகும் நிற்கிறதா என்பதுதான் கேள்வி. மாற்ற மாட்டேன் என்பவனுக்கு இறால் கிடையாது. அவன் காலில் விழுந்தாலும் கிடையாது.

ஒருமுறை ஒருவன், "ஏம்மா, என்னைய நம்பலியா?" என்று உருகினான். "ஒன்ன நம்புறேன்யா, தட்டதான் நம்பல" என்றாள் அம்மா. மாற்றிப் போட்டதும் சாய்ந்தது. அவன் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை. இப்போது எல்லாம் பட்டன் தராசு, மாற்றத் தட்டும் இல்லை. சண்டை மட்டும் இருக்கிறது.

சோப்பு டப்பாவைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது இதுதான். இதற்கும் இரண்டு தட்டு இருக்கிறது. ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு.

மாற்றிப் போட்டோம்

"சார், க்ளிப்ப மாத்திப் போடலாமா?"

"எதுக்கு? அதான் சைலன்ட் ஆயிடுச்சே."

"செவப்ப அந்தப் பக்கம், கறுப்ப இந்தப் பக்கம். அவ்ளோதான்."

"ரெண்டும் ஒண்ணுதான் மேடம். உள்ள ஒரே வேல்யூ ரெசிஸ்டர்."

"ஒண்ணுதான்னா மாத்துறதுல என்ன சார் போவுது?"

ஜெசிந்தா டீச்சர் என் முந்தானையை விட்டுவிட்டு, "மாத்தித்தான் பாருங்களேன் சார்" என்றார். வகுப்பறைக் குரல் அது. பாலகுரு சார் தன்னை அறியாமல் சுவிட்சை அணைத்தார்.

கண்டென்சரில் மிச்சமிருந்த மின்சாரத்தை நான் வடித்துவிட்டேன். அவர் க்ளிப்புகளை மாற்றினார். மறுபடி சுவிட்ச் போட்டோம். வால்வ் சூடேற அரை நிமிடம் ஆகும். கண்ணாடிக்குள் ஆரஞ்சு நிறம் மெல்ல ஏறுவதைப் பதினைந்து பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். என் மனதுக்குள் ஓடியது ஒரே ஒரு நினைப்புதான். சத்தம் வராவிட்டால் அவர் டப்பா சரி, நான் தப்பு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

கூ.

சும்மா கூ இல்லை. முதலில் கேட்டதைவிடப் பெரிய கூ. பின்னால் உட்கார்ந்திருந்தவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"ஒரு பக்கம் மாட்டுனா சமம், இன்னொரு பக்கம் மாட்டுனா சமம் இல்ல" என்றேன். "என் டிரைவர் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுதா, இல்ல உங்க டப்பா கோணலா? நீங்களே சொல்லுங்க சார்."

அவர் டப்பாவின் நான்கு திருகையும் கழற்றினார். என் மல்டிமீட்டரை நீட்டினேன். ஒரு ரெசிஸ்டர் அதில் எழுதியிருந்தபடியே நூறு என்று காட்டியது. மற்றொன்று நூற்றுப் பத்துக்கு மேல்.

"பழசு" என்றார். "சூட்டுல ஏறியிருக்கும்."

அவர் பொய்யர் இல்லை. அதை இங்கே எழுதிவிடுகிறேன். இத்தனை வருடமும் அந்த டப்பா சொன்னதை நம்பி எத்தனையோ பேரைத் தப்பு என்று சொல்லியிருப்பார். ஒருவராவது மாற்றிப் போடச் சொல்லவில்லை. அவரும் போட்டுப் பார்க்கவில்லை.

டப்பா கோணல் என்றாலும் அதை வைத்தே உண்மையைப் பிடிக்கலாம். க்ளிப்பை எப்படி மாட்டினாலும் ஒரே அளவு கூ கேட்கிற இடம்தான் நடு. அணைத்து, மாற்றி, சூடேற்றி, திருகி, மறுபடி அணைத்து, ஆறேழு தடவை செய்தோம். இடையில் காபி வந்தது. பாலகுரு சாரே க்ளிப்பை மாற்றினார், நான் திருகினேன். கடைசியில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கூவியது. குனிந்து என் சிவப்புப் புள்ளியைப் பார்த்தேன். அது நான் கடலூரில் வைத்த இடத்திலிருந்து ஒரு நூல் தள்ளியிருந்தது.

"எம் புள்ளியும் சரியில்ல" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். "ஒரு நூலு தப்பு. என் மீட்டரு அவ்ளோதான் பாத்துச்சு."

யாரும் கேட்காமல் நான் ஏன் சொன்னேன் என்று, பிறகு என்னைப் பஸ் ஏற்றிவிட வந்த டீச்சர் கேட்டார். என் பெட்டியின் தப்பையும் நான்தான் சொல்ல வேண்டும். அதற்கு இன்னொருவர் வரக்கூடாது.

ஃப்ளெக்ஸ்

இத்தோடு முடிந்திருந்தால் இந்த வாரம் நான் வேறு எதையாவது எழுதியிருப்பேன்.

அடித்தகட்டை மாட்டி, பெட்டியை நிமிர்த்தி, ஒரு தட்டு முழுதாகக் கேட்டோம். பிறகு தண்டபாணி கீழே போய், சுருட்டிய ஃப்ளெக்ஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். பெட்டிக்குப் பின்னால் சுவரில் மாட்டுவதற்காம். மலர்ந்த முகத்தோடு விரித்தார். ஓரத்தில் ரோஜாப்பூ, நடுவில் என் ஆம்ப்ளிஃபயரின் படம். அதன் கீழே, 'வடிவமைப்பு, மேற்பார்வை: என்ஜினியர் பாலகுரு.' அதற்கும் கீழே, சின்ன எழுத்தில், 'உதவி: திருமதி அஞ்சலை.'

முந்தின நாளே அடித்து வைத்துவிட்டார்கள். பாலகுரு சார் பகுதியை மாற்றிவிடுவார் என்ற நம்பிக்கைதான்.

"இது எப்ப அடிச்சது?" என்றேன்.

"நேத்து. அதனால என்னம்மா, உங்க பேரும் இருக்குல்ல?" என்றார் தண்டபாணி. "சார் பேர் இருந்தா வெளியில ஒரு மதிப்பு. நம்ம வட்டத்துக்குத்தானே."

லேபில் நான் வேலை பார்த்த காலத்தில் கருவிகளைச் செய்வேன். ஆய்வுக்கு ஆட்கள் வரும்போது, செய்தவர் என்ற இடத்தில் வேறு யாராவது கையெழுத்துப் போடுவார்கள். நான் டீ கொண்டுவந்து வைப்பேன். சம்பளம் வாங்குகிறோம், போகட்டும் என்று இருந்தேன். அப்படி இருந்ததற்கு இன்றைக்கும் என் மேலேயே எனக்குக் கோபம் உண்டு. ஆனால் இந்தப் பெட்டி சம்பளத்துக்குச் செய்தது இல்லை.

நான் சத்தம் போடவில்லை. சுவிட்சை அணைத்தேன். கைக்குட்டையை மடித்துப் பிடித்து, சூடு ஆறாத டிரைவர் வால்வை மெல்ல ஆட்டி ஆட்டி அதன் குழியிலிருந்து உருவினேன். சுண்டுவிரல் உயரம்தான். கைக்குட்டையில் சுற்றி, மூக்குக்கண்ணாடிக் கூட்டில் வைத்துக் கைப்பைக்குள் போட்டேன்.

"என்னம்மா பண்றீங்க?" என்றார் தண்டபாணி.

"பெட்டி இங்கயே இருக்கட்டும். பேர சரியா போட்டுட்டுக் கூப்புடுங்க. வந்து சொருவித் தர்றேன்."

"சின்ன விஷயத்துக்குப் போயி..."

"சின்ன விஷயம்தான். அதனால சீக்கிரம் முடிஞ்சுடும்."

பாலகுரு சார் ஃப்ளெக்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதை அடிக்கச் சொன்னது அவர் இல்லை என்று பிறகு தெரிந்தது. ஆனால் அன்று அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மாமா கேட்டார். "பெட்டி எங்க? அங்கயே வுட்டுட்டியா?"

"ஒடம்பு அங்க இருக்குது மாமா. உசுரு பையில இருக்குது."

அவர் மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து பார்த்துவிட்டு, மூடி, சாமி மாடத்தில் கொண்டுபோய் வைத்தார்.

புதன்கிழமை

திங்கள் போனது. செவ்வாய் போனது. டீச்சர் மட்டும் பேசினார். "ரொம்ப இழுக்காத அஞ்சலை, அறுந்துடும்." அறுந்தால் அறுந்துவிட்டுப் போகட்டும் என்றேன். சொன்னேனே தவிர, ஃபோன் அடிக்கும்போதெல்லாம் ஓடித்தான் போனேன்.

புதன்கிழமை மத்தியானம் பாலகுரு சாரே கூப்பிட்டார்.

"மேடம், அந்த வால்வ் நம்பர் என்ன? தண்டபாணி புதுசு ஒண்ணு வாங்கிடலாம்னு சொல்றார்."

நம்பரைச் சொன்னேன். அதில் மறைக்க ஒன்றும் இல்லை. "ஆனா சார், ஒரு வால்வ் மாதிரி இன்னொரு வால்வ் இருக்காது. உள்ள ரெண்டு பாதி இருக்குது, அதுவே ஒண்ணுக்கொண்ணு ஒத்துக்காது. புதுசு போட்டா சமம் போயிடும். மறுபடி மொதல்லேருந்து திருகணும்."

"தெரியும். நான் திருகிக்கலாம்."

"எத வச்சு சார்?"

"டப்பாவுல ரெண்டு ரெசிஸ்டரையும் மாத்திட்டேன்."

"க்ளிப்ப மாத்திப் போட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தேன். ஒரு தடவ இல்ல, பத்து தடவ பாத்தேன். எப்படி மாட்டினாலும் சைலன்டா இருக்கு."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் இனி அவருக்கு நான் தேவையில்லை. வால்வை வாங்கிச் செருகி, தன் டப்பாவை வைத்துத் திருகி, ஃப்ளெக்ஸை மாட்டிவிட்டால் கதை முடிந்தது. நூல் பிசகாமல் பாடும். யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

"அப்ப செய்யலாம் சார். உங்களால முடியும்" என்றேன்.

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பேனா மூடி கழலும் சத்தமும் கேட்டது.

"முடியும். ஆனா பெட்டி உங்களுது" என்றார். "குழுவுல எழுதினத இப்பதான் அழிச்சேன். வேற எழுதிப் போட்டிருக்கேன், அப்புறம் பாருங்க. புது ஃப்ளெக்ஸ்ல என்ன போடணும், சொல்லுங்க."

"உதவி வேணாம் சார். திருமதியும் வேணாம்."

"சரி."

"கட்டியவர் அஞ்சலை. கடலூர். எழுதிக்கிட்டீங்களா?"

"எழுதிக்கிட்டேன்."

"படிச்சுக் காட்டுங்க சார்" என்றேன்.

அவர் படித்துக் காட்டினார்.